குடத்தில் வெட்டிய பெயர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாஜிகள் காலத்தில் யூதக் குடும்பங்கள் இழந்த ஓவியங்களைப் பற்றிய உங்கள் உரையைக் கேட்டேன். 80 ஆண்டுகள் ஓடிவிட்டன. இன்று வைத்திருப்பவர்கள் ரசீதுடன் முறையாக வாங்கியவர்கள். வாரிசுகளோ கைக்கு வந்ததும் ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். அருங்காட்சியகத்திலேயே இருந்தால் எல்லோரும் பார்க்கலாம் அல்லவா?

எம்.

அன்புள்ள எம்.,

வாரிசுகள் விற்கட்டும், பூட்டி வைக்கட்டும். அவர்கள் பொருள். 'ரசீதுடன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் என்னை உறுத்துகிறது.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் குடம் இருந்தது. அடகுக் கடை ஏலத்தில் அப்பா வாங்கியது. அதன் கழுத்தில் யாரோ ஒரு பெண்ணின் பெயர் வெட்டியிருந்தது. புளி போட்டுத் துலக்கும்போது அம்மாவின் கை அந்த இடத்தில் நின்றுவிடும். "யாருக்குச் சீராக வந்ததோ" என்பார். அப்பாவிடம் ரசீது இருந்தது. அம்மாவுக்கு அது போதவில்லை.

அது வறுமை கொண்டுபோன குடம். வியன்னாவில் லேயா போண்டிக்கு நடந்தது வேறு. அவர் கலைக்கூடம் நடத்திய யூதப் பெண். ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியதும் கலைக்கூடம் ஃப்ரீட்ரிஷ் வெல்ஸ் என்ற நாஜி வணிகரிடம் போனது. 1939இல் லேயாவின் வீட்டுக்கே வந்த வெல்ஸ், சுவரில் எகோன் ஷீலே 1912இல் வரைந்த 'வாலியின் உருவப்படம்' தொங்குவதைப் பார்த்துக் கேட்டார். அது என் சொந்தப் படம், கடைச் சரக்கல்ல என்றார் லேயா. ஆனால் கணவனும் மனைவியும் நாட்டைவிட்டுத் தப்பக் காத்திருந்தார்கள். வெல்ஸ் நினைத்தால் தடுத்துவிட முடியும். கொடுத்துவிடு என்றார் கணவர். கொடுத்தார்.

இனி உங்கள் ரசீதுகளுக்கு வருவோம். போருக்குப் பின் அமெரிக்கப் படை வெல்ஸின் சேகரிப்பைக் கைப்பற்றியது. நாஜிகளின் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்த பல் மருத்துவர் ஹைன்ரிஷ் ரீகரின் படங்களும் அதில் இருந்தன. லேயாவின் படம் தவறாக அவற்றோடு சேர்ந்துவிட்டது. ரீகரின் வாரிசுகளிடமிருந்து பெல்வெடேர் அருங்காட்சியகம் அதை வாங்கியது. 1954இல் ருடால்ஃப் லியோபோல்ட் என்ற சேகரிப்பாளர் வேறொரு படத்தைக் கொடுத்து மாற்றிக்கொண்டார். அதை மீட்க உதவுங்கள் என்று லேயா முந்தைய ஆண்டு அவரிடம்தான் கேட்டிருந்தார்!

எல்லாத் தாளும் ஒழுங்கு. அந்த வீட்டுச் சுவரிலிருந்து படம் இறங்கிய நாளுக்கு எந்தத் தாளைக் காட்டுவீர்கள்? அந்த ஒரு நாளைத் தாண்டிக் குதித்துவிட்டு 'முறையாக' என்று எழுத எப்படி மனம் வந்தது? கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பழைய கடிதங்களையும் படித்தவன் என்பதால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

லேயா 1969இல் இறந்தார். 1998இல் நியூயார்க் கண்காட்சி முடிந்து திரும்பவிருந்த படம் வழக்கில் சிக்கி, 12 ஆண்டுகள் அங்கேயே நின்றது. 2010இல் அந்தச் சேகரிப்பாளரின் பெயரில் வியன்னாவில் உள்ள லியோபோல்ட் அருங்காட்சியகம் லேயாவின் வாரிசுகளுக்கு 1.9 கோடி டாலர் கொடுத்தது. நீங்கள் விரும்பியபடியே படம் வியன்னாவுக்குத் திரும்பியது. பணத்தோடு ஒரு நிபந்தனையும் உண்டு: படத்தை எங்கே மாட்டினாலும், அது லேயா போண்டியுடையது, அவரிடமிருந்து பறிக்கப்பட்டது என்ற வரலாற்றைச் சொல்லும் பலகை பக்கத்திலேயே இருக்க வேண்டும்.