எக்செல் பட்டியலைப் பார்த்து 600 படங்களுக்கு ஒரே மூச்சில் பெயர் மாற்றுவது எப்படி?

கேள்வி இது: ஒரு ஃபோல்டரில் 600 படங்கள் இருக்கின்றன, எக்செலில் பழைய பெயர் ஒரு நெடுவரிசையிலும் புதுப் பெயர் அடுத்ததிலும் இருக்கின்றன, லினக்ஸில் ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும்.

பள்ளிகளுக்கு ஐடி கார்டு அச்சடித்துக் கொடுக்கும் கடையில் எட்டு வருடமாக இருக்கிறேன். ஜூன், ஜூலை வந்தால் எனக்கு இதுதான் வேலை. போட்டோகிராபரிடமிருந்து டிஎஸ்சி_0412 மாதிரிப் பெயர்களில் படங்கள் வரும். பள்ளி அலுவலகத்திலிருந்து பட்டியல் வரும். ஒவ்வொரு படமும் அந்தப் பிள்ளையின் அட்மிஷன் நம்பராக மாற வேண்டும்.

ஸ்கிரிப்ட் சின்னதுதான். பட்டியலை டேப் பிரித்த உரைக் கோப்பாகச் சேமித்துவிட்டால், அதை வரிவரியாகப் படிக்கும் ஒரு வைல் (while) லூப் போதும். நெடுவரிசைகளை எந்த எழுத்தில் பிரிப்பது என்று சொல்லும் ஐஎஃப்எஸ் (IFS) மாறியில் டேப்பை வைத்து, வரியைப் படிக்கும் ரீட் (read) கட்டளைக்கு, பின்சாய்கோட்டை அப்படியே விடச் சொல்லும் மைனஸ் ஆர் (-r) கொடுத்து, பழசு ஒரு மாறியிலும் புதுசு இன்னொன்றிலுமாக வாங்குங்கள். உள்ளே, பட்டியலில் இல்லாத புள்ளி ஜேபிஜி-யை இரண்டு பெயருக்கும் சேர்த்துக்கொண்டு, அந்தப் பழைய பெயரில் கோப்பு இருக்கிறதா, புதுப் பெயரில் ஏற்கெனவே எதுவும் இல்லையா என்று இரண்டையும் பார்த்துவிட்டு நகல் எடுங்கள். மாறிகளைச் சுற்றி இரட்டை மேற்கோள் கட்டாயம். இல்லையென்றால் இனிஷியலுக்கும் பெயருக்கும் நடுவில் இருக்கும் ஓர் இடைவெளி போதும், ஒரு பெயரை இரண்டு கோப்பாக எடுத்துக்கொள்ளும். முதல் தடவை ஓட்டும்போது கட்டளைக்கு முன்னால் எக்கோ போட்டு, என்ன நடக்கப்போகிறது என்பதைத் திரையில் மட்டும் பாருங்கள்.

நகல் என்று சொன்னதைக் கவனித்திருப்பீர்கள். மூலக் கோப்பின் பெயரையே மாற்றிவிடும் எம்வி (mv) கட்டளை வேண்டாம். புதிதாக ஒரு ஃபோல்டர் உருவாக்கி, புதுப் பெயரோடு, நகலெடுக்கும் சிபி (cp) கட்டளையால் அங்கே எடுங்கள். எனக்கு இரண்டாவது வருடம் நடந்ததைச் சொல்கிறேன். பட்டியலில் 2417 என்ற நம்பர் இரண்டு பிள்ளைகளுக்கு விழுந்திருந்தது. எம்வி எதுவும் கேட்காமல் முதல் படத்தின் மேல் இரண்டாவதை எழுதிவிட்டது. கேமரா கார்டை அதற்குள் அழித்துவிட்டார்கள். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வகுப்பில் எல்லோரும் கார்டு போட்டுக்கொண்டிருக்க, பத்து நாள் இல்லாமல் இருந்தாள். அவளை மறுபடி நிற்கவைத்துப் படம் எடுத்தபோது நானும் போயிருந்தேன். அன்றிலிருந்து மூலப் படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் தொடுவதே இல்லை. நகல் எடுப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: அ என்பது ஆ ஆகவும், ஆ என்பது அ ஆகவும் மாறவேண்டிய சுழற்சி பட்டியலில் இருந்தாலும் ஒன்றை ஒன்று மிதிக்காது.

எம்வி-க்கு மைனஸ் ஐ கொடுத்தால் கேட்டுவிட்டுத்தானே எழுதும் என்று தோன்றும். லூப்புக்குள் அது ஆபத்து. லூப் பட்டியலை உள்ளீடாக வாங்கிக்கொண்டிருக்கும்; எம்வி-யும் அதே உள்ளீட்டிலிருந்துதான் பதிலை வாங்கும். கீபோர்டைத் தட்ட உங்களுக்கு இடமே கிடைக்காது. பட்டியலின் அடுத்த வரியை உங்கள் பதிலாக எடுத்துக்கொள்ளும், அந்த வரிக்குரிய பிள்ளையின் படம் விடுபட்டுப்போகும்.

அப்புறம் பட்டியல். நேரம் முழுக்க இங்கேதான் போகும்.

விண்டோஸில் சேமித்த பட்டியலில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத கேரேஜ் ரிட்டர்ன் எழுத்து ஒன்று கூடுதலாக இருக்கும். புதுப் பெயர் கடைசி நெடுவரிசை என்பதால் அது பெயரோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்கிரிப்ட் ஓடி முடியும், பிழை எதுவும் வராது. கோப்புப் பெயர்களைக் காட்டும் எல்எஸ் (ls) கட்டளை கொடுத்துப் பார்த்தால் 2417-க்கும் புள்ளி ஜேபிஜி-க்கும் நடுவில் ஒரு டாலர் குறியும், மேற்கோளுக்குள் பின்சாய்கோடும் ஆர் எழுத்தும் தெரியும். அப்படித் தெரிந்தால் இதுதான் காரணம். டாஸ்2யூனிக்ஸ் என்ற கருவியில் பட்டியலை ஒரு தடவை விட்டு எடுத்தால் சரியாகிவிடும்.

எக்செலில் 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' என்று சேமித்தால் கோப்பின் தொடக்கத்தில் பிஓஎம் என்ற, கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் குறி உட்கார்ந்து, முதல் வரியின் பழைய பெயரோடு ஒட்டிக்கொள்ளும். 600 படத்தில் முதல் படம் மட்டும் 'கோப்பு இல்லை' என்று வந்தால் அதைச் சந்தேகப்படுங்கள். நான் பட்டியலை, எக்செல் மாதிரியான லிப்ரெஆபீஸ் கால்க்கில் திறந்து, யூடிஎஃப்-8, டேப் பிரிப்பான் என்று தேர்ந்தெடுத்துச் சேமிக்கிறேன். லினக்ஸில் இந்த இரண்டு தொல்லையும் அதோடு போய்விடும்.

0089 என்ற நம்பரை எக்செல் 89 ஆக்கிவிடும். அதை லினக்ஸின் வழக்கமான ஷெல்லான பாஷில் (bash) பிரிண்ட்எஃப் (printf) கட்டளை வைத்து நான்கு இலக்கமாக்கலாம். ஆனால் சில வரிகளில் முன்பூஜ்யம் தப்பிப் பிழைத்திருந்தால், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமான எண்ணாக (0 முதல் 7 வரை இலக்கங்கள் மட்டுமே உள்ள முறை) எடுத்துக்கொண்டு 0089 செல்லாது என்று மறுக்கும். பட்டியல் தட்டுகிறவரிடமே அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று வைக்கச் சொல்வது மேல்.

புதுப் பெயர் தமிழில் வேண்டுமா? தாராளமாக வைக்கலாம். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்புமுறையில் ஒரு பெயர் 255 பைட் வரை போகலாம். யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட். உயிர்க்குறி, புள்ளி தனித்தனிக் கணக்கு. 'சுப்புலட்சுமி' கண்ணுக்கு ஏழு எழுத்து, கணக்குக்கு 13 குறி, 39 பைட். பெயர், அப்பா பெயர், வகுப்பு, ஊர் என்று சேர்த்துக்கொண்டே போனால் இடிக்கும்.

பழைய பெயரே தமிழில் இருந்தால் இன்னொரு சிக்கல். 'கோமதி'யில் உள்ள கோ, க-வும் ஒற்றை ஓகாரக் குறியுமாக இருக்கலாம். க, ஏகாரக் குறி, கால் என்று மூன்று துண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றேதான், லினக்ஸுக்கு வேறு வேறு பெயர். பழைய மேக் கணினிகளிலிருந்து வந்த ஃபோல்டர்களில் துண்டான வடிவத்தைப் பார்த்திருக்கிறேன். கன்வ்எம்வி என்ற கருவி இதை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும். அதில் பிடித்த விஷயம், நோடெஸ்ட் என்று நாமாகச் சொல்லும்வரை எதையும் மாற்றாமல் காட்ட மட்டும் செய்யும்.

ஓட்டுவதற்கு முன் புதுப் பெயர் நெடுவரிசையைக் கட் (cut) கட்டளை வைத்துப் பிரித்து, சார்ட் (sort) கட்டளையால் வரிசைப்படுத்தி, யூனிக் மைனஸ் டி-க்கு (uniq -d) அனுப்புங்கள். இரண்டு தடவை வரும் பெயர்கள் மட்டும் வெளியே வரும். ஒன்றுமே வராவிட்டால் மேலே போகலாம். அந்த 2417-ஐ இந்த ஒரு வரி பிடித்திருக்கும்.

கணினியால் பிடிக்கமுடியாத தவறு ஒன்று உண்டு. ஒரு பிள்ளை கண் மூடிவிட்டது என்று போட்டோகிராபர் இரண்டாவது படம் எடுத்திருப்பார், பட்டியலில் ஒரு வரிதான் இருக்கும். அங்கிருந்து எல்லோர் படமும் ஒன்று தள்ளி, அடுத்தவர் நம்பருக்குப் போய்விடும். இதற்காக ஒவ்வொரு வகுப்பு தொடங்கும்போதும் ஸ்லேட்டில் '8-பி' என்று எழுதி அதையும் ஒரு படம் எடுக்கச் சொல்கிறோம். பட்டியலிலும் அதற்கு ஒரு வரி. ஸ்லேட் படம் சரியான வரியில் விழுந்திருந்தால் அதற்கு முந்தைய வகுப்பு நகரவில்லை என்று தெரியும், விழாவிட்டால் அந்த வகுப்பை மட்டும் பார்த்தால் போதும். கடைசியில் இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியின் மான்டேஜ் கட்டளையால் ஒரு வகுப்பை ஒரே தாளில், படத்துக்குக் கீழே நம்பரோடு அச்சடித்து, வகுப்பு டீச்சர் கையில் கொடுக்கிறேன். நாற்பது முகத்தையும் ஒரு நிமிடத்தில் பார்த்துவிட்டு, "இது கவிதா இல்ல சார், அவ தங்கச்சி" என்று பேனாவால் சுழித்துக் கொடுப்பார்கள்.