கட்சிக் கூட்டத்துக்குப் போனால்தான் வெள்ள நிவாரணமா?

கேள்வி: கிரான் பக்கத்தில் ஆற்றோரக் கிராமம் எங்களுடையது. டித்வா புயலின்போது வீட்டுக்குள் மூன்று நாள் தண்ணீர் நின்றது. ஜி.எஸ். (கிராம உத்தியோகத்தர்) வந்து பார்த்து எழுதிக்கொண்டு போனார். அக்கம்பக்கத்தாருக்கு 25,000 ரூபாய் வந்துவிட்டது, எங்களுக்கு இன்னும் இல்லை. ஊரில் கட்சி வேலை செய்யும் தம்பி ஒருவர், "நீங்கள் மற்றப் பக்கத்துக்கு வோட்டுப் போட்டவர்கள் என்று பெயரை வெட்டியிருக்கிறார்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்து முகத்தைக் காட்டுங்கள். அடையாள அட்டைப் பிரதியோடு 3,000 ரூபாயும் தந்தால் சேர்த்துவிடலாம்" என்கிறார். நானும் கணவரும் பிள்ளைகளும் முன்வீட்டில் இருக்கிறோம். அம்மா அதே வளவில் பின்வீட்டில் தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறார். காணி உறுதி இன்னும் அம்மா பெயரில்தான். என்ன செய்வது? (பெயர் வேண்டாம் என எழுதிய வாசகி)

பதில்:

மகள், முதலில் அந்த 3,000 ரூபாயை முந்தானையில் முடிந்து வையுங்கள். அடையாள அட்டைப் பிரதியையும் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இன்றே போய்த் திருப்பி வாங்குங்கள். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பணம் வரும் வழி ஒன்றுதான். உங்கள் கிராம உத்தியோகத்தர் வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுகிறார். அது பிரதேச செயலகத்துக்குப் போகிறது. பிரதேச செயலாளர் அங்கீகரிக்கிறார். திறைசேரிப் பணம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், வழியாகப் பிரதேச செயலகத்துக்கு வந்து, அங்கிருந்து உங்களிடம் வருகிறது. அந்தப் படிவத்தில் ஜி.எஸ். கையொப்பமிட ஓர் இடம் உண்டு, பிரதேச செயலாளருக்கு ஓர் இடம் உண்டு. கட்சி அமைப்பாளர் கையொப்பமிட ஓர் இடத்தை முப்பது வருடச் சேவையில் நான் கண்டதில்லை.

அதற்காக, நிவாரணத்தில் அரசியல் இல்லை என்று எழுதினால் மட்டக்களப்பில் ஒருவரும் இந்தப் பகுதியை இனி வாசிக்க மாட்டார்கள். நானும் அரசாங்க அலுவலகக் கதிரையில் இருந்தவன்தானே. 2011 ஜனவரி வெள்ளத்துக்குப் பிறகு, நான் அப்போது வேலை செய்த அலுவலகத்துக்கு ஓர் அரசியல்வாதியின் இணைப்பாளர் ஒரு பட்டியலோடு வந்தார். அறுபது பெயர்கள். எல்லாம் ஒரே கையெழுத்து, ஒரே நீலப் பேனை. வாசித்துக்கொண்டு போகையில் ஒரு பெயரில் என் விரல் நின்றது. அந்த மனிதரின் முப்பத்தொன்றாம் நாள் சாப்பாட்டுக்கு நான் போய் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. செத்தவருக்கு எப்படி வீடு நனைந்தது என்று கேட்டேன். இணைப்பாளர் சிரித்துக்கொண்டே, "ஐயா, அவருடைய மகன் நம்முடைய ஆள்" என்றார்.

இம்முறையும் கதை புதிதல்ல. 2025 ஜூலையில் வறுமை ஒழிப்புக்கென்று தொடங்கிய பிரஜா சக்தித் திட்டத்தின் கிராமக் குழுத் தலைவர்கள் நிவாரணப் பட்டியல்களில் தலையிடுகிறார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. கிராம உத்தியோகத்தர் சங்கங்களும் அதையே சொன்னன. குற்றஞ்சாட்டிய கட்சிகள் மட்டும் சுத்தமா? பிரதேச சபை தங்கள் கையில் இருக்கும் இடங்களில் அரிசிப் பொதி கொடுக்கும்போது பின்னால் யாருடைய பதாகை தொங்குகிறது என்று பாருங்கள். சுனாமி நிதியைப் பகிர 2005 ஜூனில் அரசும் புலிகளும் கையெழுத்திட்ட பொதுக் கட்டமைப்பை எதிர்த்து அரசிலிருந்து வெளியேறிய ஜே.வி.பி.தான் இன்று ஆட்சியின் அச்சாணி. அந்தக் கட்டமைப்பின் முக்கியப் பகுதிகளை அடுத்த மாதமே உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அம்பாறைப் பக்கம் போனால், அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் பணத்தில் சுனாமிக்காகக் கட்டிய 500 வீடுகள் யாருக்குக் கொடுப்பது என்ற இன வழக்கில் சிக்கி, ஆட்கள் குடியேறாமல் ஆண்டுக்கணக்காகப் பாழடைந்தன. கூரை வந்த பின்பும் ஆள் வராத வீடுகள். இதையெல்லாம் பார்த்த ஊர் மக்கள் கட்சிக்காரர் சொல்வதை நம்புகிறார்கள் என்றால் அவர்களை நான் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் உங்கள் ஊர்த் தம்பி விற்கும் சரக்கு என்ன என்பதை நன்றாகப் பாருங்கள். ஏற்கெனவே வரப்போகிற பணத்தைத்தான் அவர் உங்களுக்கு விற்கிறார்.

பட்டியல் ஒரே நாளில் வருவதில்லை. முதல் தொகுதி, இரண்டாம் தொகுதி, பிறகு மேன்முறையீடு என்று துண்டு துண்டாக வரும். ஜி.எஸ். ஒருவருக்கு இரண்டு பிரிவுகள் இருக்கும், அவருடைய சொந்த வீட்டிலும் தண்ணீர் நின்றிருக்கும். பிரதேச செயலகத்தில் பெயரைத் தட்டச்சு செய்யும்போது அடையாள அட்டை இலக்கத்தில் ஓர் எண் பிழைத்தால் அந்தப் பெயர் ஒதுங்கிவிடும். யாரும் உங்களுக்குச் சொல்லமாட்டார்கள். அந்தச் சொல்லாத இடைவெளியில்தான் தரகர் குடியிருக்கிறார். இரண்டாம் தொகுதி வரப்போகிறது என்று அலுவலகத்தில் காதில் விழுந்தவுடன் இருபது வீட்டில் ஆளுக்கு 3,000 வாங்குவார். அதில் பன்னிரண்டு பெயர் எப்படியும் வரும். "பார்த்தீர்களா, நான் போட்டேன்" என்பார். வராத எட்டுப் பேருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து நல்ல மனிதர் என்றும் பெயர் எடுப்பார். ஒரு கல்லை நகர்த்தாமல் 36,000 ரூபாய். அடுத்த தேர்தலுக்குப் பன்னிரண்டு நன்றியுள்ள குடும்பங்கள்.

அடையாள அட்டைப் பிரதி விடயம் இதைவிடப் பாரதூரமானது. அலுவலகத்துக்கு வெளியே தேநீர்க்கடையில் பிளாஸ்டிக் கோப்போடு உட்கார்ந்திருக்கும் ஆட்களைக் கண்டிருப்பீர்கள். கோப்பைத் திறந்தால் நாற்பது பேருடைய அடையாள அட்டை, வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், சிலவேளை வெற்றுத் தாளில் கையொப்பமும் இருக்கும். வெற்றுத் தாளில் கையொப்பமிடுவது கிணற்றுக்குள் கயிறில்லாமல் வாளியைப் போடுவதுதான். அந்தத் தாளில் நாளைக்கு நீங்கள் கட்சி அங்கத்தவர் ஆகலாம், கடனாளி ஆகலாம், "முழுச் சேதம்" என்று பொய்ச் சேதம் கோரியவராகவும் ஆகலாம். கடைசியாகச் சொன்னது நடந்தால் பிடிபடுவது நீங்கள், தரகரல்ல. சேதத்தைக் கூட்டி எழுதித் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அவருக்குத் தேநீர்கூட வாங்கிக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். உங்கள் பெயர் விடுபட்டதற்குக் கட்சியைவிட உங்கள் வளவே காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

மட்டக்களப்பில் வீடு மகளுக்குச் சீதனம். மகள் முன்வீட்டுக்கு வருவாள், தாயும் தகப்பனும் பின்னுக்குப் போவார்கள். உறுதியை மாற்றி எழுதுவது பிறகு, பிறகு என்று இருபது வருடம் கிடக்கும். இது நமக்கெல்லாம் தெரிந்த வாழ்க்கை. கொழும்பில் இருந்து சுற்றறிக்கை எழுதுபவருக்குத் தெரியாது. அவருடைய தாளில் ஒரு காணி, ஒரு வீடு, ஒரு குடும்பம். ஜி.எஸ். பழைய குடும்பப் பதிவைப் பார்த்து அம்மாவின் பெயரை மட்டும் எழுதியிருக்கலாம். அல்லது வாக்காளர் இடாப்பில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டிலக்கத்தில் இருப்பதால் ஒன்றை வெட்டியிருக்கலாம். ஒருவேளை அம்மாவின் பெயருக்குப் பணம் அனுமதியாகி, அம்மாவுக்கே தெரியாமல் அலுவலகத்தில் கிடக்கவும் கூடும். எனவே முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எங்கள் பெயர் ஏன் இல்லை?" என்பதல்ல. "இந்த வளவுக்கு யாருடைய பெயர் எழுதப்பட்டிருக்கிறது?" என்று கேளுங்கள்.

உறுதி அம்மா பெயரில் இருப்பதைப் பற்றிப் பயப்படவேண்டாம். 25,000 ரூபாய் வீட்டைத் துப்புரவாக்கத் தருவது. சேறு யாருடைய வீட்டுக்குள் வந்தது என்பதுதான் அதற்குக் கேள்வி, உறுதி யாருடைய பெட்டிக்குள் இருக்கிறது என்பதல்ல. வாடகைக்கு இருப்பவருக்கும் அதே கதைதான். உறுதி கேட்பார்கள் என்றால் அது வீட்டைத் திருப்பிக் கட்டும் பெரிய தொகைக்கு. உங்கள் சுவர் நிற்கிறது, கூரை நிற்கிறது. அந்தப் பேச்சை இங்கே கலக்காதீர்கள். கலந்தால் அலுவலர் இரண்டையும் சேர்த்துக் கோப்பில் கட்டி, "காணிப் பிரச்சினை" என்று மேலே எழுதி வைத்துவிடுவார். அந்த இரண்டு சொல் எழுதப்பட்ட கோப்பு நம் நாட்டில் சீக்கிரத்தில் மேசையை விட்டு எழும்பாது.

ஒரே வளவில் இரண்டு அடுப்பு என்றால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான். தனித்தனி மின்சாரப் பட்டியல் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் பிள்ளைகளின் பாடசாலைப் பதிவு, கிளினிக் அட்டை, அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) தனியாக வந்தால் அந்தக் கடிதம் என்று உங்கள் குடும்பம் தனி என்று காட்டும் எதுவும் உதவும். இரண்டு சமையலறைகளையும் ஜி.எஸ். நேரில் வந்து பார்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். "தனிக் குடும்பம், தனிச் சமையல்" என்று அவர் கையால் ஒரு வரி எழுதினால் போதும். அந்த வரி இல்லாமல் பிரதேச செயலாளர் விரும்பினாலும் இரண்டாவது பெயரைச் சேர்க்கத் தயங்குவார், நாளைக்குக் கணக்காய்வு வந்து கேட்குமே. அம்மாவுக்கும் உங்களுக்கும் இடையில் இந்த 25,000 ரூபாய்க்காக ஒரு சொல் வரக்கூடாது என்பதும் என் கவலை. இப்படி ஒரு கொடுப்பனவுக்காகத் தாயும் மகளும் அலுவலக வராந்தாவில் முகம் திருப்பி நின்றதைக் கண்டிருக்கிறேன். அதற்குக் காரணம் தண்ணீரல்ல, படிவம்.

செய்யவேண்டியது இதுதான். வீட்டுச் சுவரில் சேற்றுக்கோடு இன்னும் இருக்கும். சுண்ணாம்பு அடிப்பதற்கு முன் அதன் பக்கத்தில் தையல் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுங்கள். கோடு நிலத்திலிருந்து எத்தனை அங்குலம் என்பது படத்தில் தெரியவேண்டும். பின் ஒரு பக்கக் கடிதம், பிரதேச செயலாளருக்கு. உங்கள் பெயர், அடையாள அட்டை இலக்கம், கிராம உத்தியோகத்தர் பிரிவு, தண்ணீர் வந்த திகதி, எத்தனை அங்குலம், ஜி.எஸ். வந்து பார்த்த நாள். கடைசியில் இப்படி எழுதுங்கள்: "எனது குடும்பம் கொடுப்பனவுப் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளதா, இல்லையெனில் அதற்கான காரணம் என்ன என்பதை எழுத்தில் அறியத் தரவும்." கட்சியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாதீர்கள். எழுதினால் அது புகார் ஆகிவிடும், புகார் விசாரணைக்குப் போகும், உங்கள் கேள்வி நடுவழியில் நிற்கும். ஒரு பிரதியை அரசாங்க அதிபருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். "வைத்துவிட்டுப் போங்கள் அக்கா" என்பார்கள். வைத்துவிட்டுப் போனவர்களின் கடிதங்களால் ஒரு அலுமாரியே நிரம்பியிருந்தது, எனக்குத் தெரியும்.

பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் உண்டு. தமிழிலேயே கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதை அவர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்துச் சொல்லவேண்டும். மற்றவர்களின் பெயரையும் கணக்கிலக்கத்தையும் கேட்காதீர்கள், அந்தரங்கத் தகவல் என்று மறுக்க வழி கொடுத்ததாகிவிடும். உங்கள் வளவு பற்றிய அறிக்கையின் பிரதியையும், உங்கள் பிரிவில் எத்தனை வீடுகளுக்குக் கொடுத்தார்கள் என்ற எண்ணிக்கையையும் கேளுங்கள். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலேயே தேடாத கோப்புகள் தேடப்படுவதை நான் உள்ளே இருந்து கண்டிருக்கிறேன். முப்பது வருடம் அரசாங்கச் சம்பளம் வாங்கியவன் இதை எழுதக் கூச்சப்படவேண்டும், இருந்தாலும் உண்மை.

வோட்டுக்காகத்தான் வெட்டினார்கள் என்று எழுத்திலோ, சாட்சியோடு வாய்ச்சொல்லாகவோ தெளிவாகத் தெரிந்தால் மட்டும் அடுத்த படி. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை அரசியல் அபிப்பிராயத்துக்காகப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் இருக்கின்றன. விடயம் நடந்து ஒரு மாதத்துக்குள் அங்கே போங்கள். அடிப்படை உரிமை வழக்குக்குச் சட்டம் தந்திருக்கும் காலம் ஒரு மாதம்தான். தரகர் "அடுத்த கிழமை, அடுத்த கிழமை" என்று இழுப்பதில் போவது உங்கள் 3,000 ரூபாய் மட்டுமல்ல, அந்த மாதமும்தான். அரச உத்தியோகத்தரே காசு கேட்டால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954க்கு அழையுங்கள்.

கூட்டத்துக்குப் போவதா என்றும் மறைமுகமாகக் கேட்டிருக்கிறீர்கள். விருப்பமென்றால் போங்கள், பேச்சைக் கேளுங்கள், தேநீர் தந்தால் குடியுங்கள். வருகைப் பதிவுக் கொப்பியில் பெயர் எழுதச் சொன்னால், "ஐயா, இது நிவாரணப் பட்டியலா?" என்று பத்துப் பேர் கேட்கச் சத்தமாகக் கேளுங்கள்.

இன்னொன்று, வங்கிப் புத்தகத்தில் உங்கள் பெயர் அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கலியாணத்துக்கு முன் திறந்த கணக்கு என்றால் தகப்பன் பெயரோடு இருக்கும்.