ஒரு நாட்டின் கல்வி முறையைச் சீர்திருத்துவது ஏன் இவ்வளவு கடினமாக இருக்கிறது?

எந்த அரசு வந்தாலும் கல்விச் சீர்திருத்தம் என்று ஏதாவது ஒன்றை அறிவிக்கிறது, ஆனாலும் வகுப்பறை மட்டும் ஏன் அப்படியே இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் 26 ஆண்டுகள் உயர் வகுப்புகளுக்குக் கணிதம் கற்பித்தவன். என் பணிக்காலத்தில் பாடத்திட்டம் மூன்று முறை மாறியது. மூன்றாவது முறை பாடநூல் எழுதிய குழுவில் நானும் இருந்தேன். அந்த அனுபவத்திலிருந்து சொல்வதென்றால், எதை மாற்றுவது எளிதோ அதைத்தான் முதலில் மாற்றுகிறார்கள். மற்ற அனைத்தையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது எதுவோ, அதைக் கடைசியில் தொடுகிறார்கள் அல்லது தொடுவதே இல்லை.

பாடநூலை மாற்றுவது எளிது. ஒரு குழு அமைத்தால் ஓராண்டில் எழுதி முடித்துவிடலாம். அச்சிட்டு, விழா நடத்தி, படம் எடுத்துக்கொள்ளலாம். நாங்கள் எழுதிய நூலில் சூத்திரங்களை நேரடியாகக் கொடுக்காமல், மாணவர்களே அளந்தும் வரைந்தும் மடித்தும் கண்டறியும்படி பாடங்களை அமைத்திருந்தோம். அதைக் கையாள ஆசிரியர்களுக்குக் கிடைத்தது மூன்று நாள் பணியிடைப் பயிற்சி. எங்களிடம் கேட்டுக்கொண்ட முதன்மைக் கருத்தாளர்கள் (பிறருக்குப் பயிற்சி தருபவர்கள்) அடுத்த நிலைக் கருத்தாளர்களுக்குச் சொன்னார்கள், அவர்கள் ஆசிரியர்களுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கசிந்து, கடைசிப் பயிற்சி அறையைச் சென்றடைந்தபோது எஞ்சியிருந்தவை பொருளடக்கமும் மதிப்பெண் பங்கீடும்தான். ஆண்டு முடிவில் வந்த வினாத்தாளோ பழைய வினாத்தாளுக்கு உடன்பிறப்பாக இருந்தது. அடுத்த ஆண்டிலிருந்து என் வகுப்பிலேயே அந்தச் செயல்பாடுகளைத் தாண்டிச் செல்லத் தொடங்கினேன். அவற்றை எழுதியவனே அப்படிச் செய்தேன் என்பதால், மற்ற ஆசிரியர்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

இதே கதை ஒரு நாடு முழுவதும் நடந்ததற்குத் தென்னாப்பிரிக்காவை எடுத்துக்கொள்ளலாம். நிறவெறி ஆட்சி விட்டுச்சென்ற கல்வியைத் துடைத்தெறியும் நோக்கத்துடன் 1997-இல் 'பாடத்திட்டம் 2005' என்ற பெயரில் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டு, மறு ஆண்டே முதல் வகுப்பில் நடைமுறைக்கு வந்தது. எதை மனப்பாடம் செய்தார்கள் என்று பார்க்காமல், மாணவர்களால் எதைச் செய்ய முடிகிறது என்பதைப் பார்க்க வேண்டும், அதற்கான பாடப்பொருளை ஆசிரியரே வடிவமைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், அந்தச் சுதந்திரம் ஒப்படைக்கப்பட்ட ஆசிரியர்களில் பெரும்பாலோர் நிறவெறிக் காலத்தின் பாகுபாடான பயிற்சி நிறுவனங்களில் படித்து வந்தவர்கள். அவர்களுடைய பள்ளிகளில் போதிய பாடநூல்கள்கூட இருக்கவில்லை. நூலகமும் தேர்ந்த ஆசிரியர்களும் முன்பே வாய்த்திருந்த பள்ளிகள் சமாளித்துக்கொண்டன. யாருக்காக அந்தத் திட்டம் வந்ததோ, அந்த ஏழைப் பள்ளிகள்தான் திணறின. 2000-ஆம் ஆண்டின் மறுஆய்வுக் குழு, கலைச்சொற்களின் சிக்கலையும் பயிற்சியின் போதாமையையும் அவசரத்தையும் சுட்டிக்காட்டியது. திருத்தத்தின்மேல் திருத்தம் வந்து, 2012 முதல் எந்தப் பருவத்தில் எதைக் கற்பிக்க வேண்டும் என்று தெளிவாக வரையறுக்கும் பாடத்திட்டத்துக்கு அந்நாடு படிப்படியாகத் திரும்பியது.

அப்படியானால் தேர்விலிருந்து தொடங்கினால் போதுமே என்று தோன்றும். எனக்கும் நீண்ட காலம் அப்படித்தான் தோன்றியது. தென்கொரியா அதைத்தான் செய்து பார்த்தது. சிறு குழந்தைகளை வதைத்துக்கொண்டிருந்த நடுநிலைப் பள்ளி நுழைவுத் தேர்வை 1969 முதல் அது நீக்கத் தொடங்கியது. போட்டி உயர்நிலைப் பள்ளி நுழைவுக்கு நகர்ந்தது. 1974-இல் சோல், பூசான் நகரங்களில் அந்தத் தேர்வையும் நீக்கி, மாணவர்களைக் குலுக்கல் முறையில் பள்ளிகளுக்கு ஒதுக்கத் தொடங்கியது. போட்டி பல்கலைக்கழக வாசலுக்கு நகர்ந்தது. 1980-இல் தனிப்பயிற்சியையே அரசு தடைசெய்தது. அது மறைவாக நடந்தது, தடையை அரசமைப்பு நீதிமன்றம் 2000-இல் செல்லாது என்று அறிவித்தது. தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் தோளிலிருந்து ஒரு சுமை இறங்கியது உண்மை, அது சிறிய ஆதாயம் அன்று. ஆயினும் தேர்வின் அழுத்தம் பள்ளிக்குள் பிறப்பதில்லை. நல்ல வேலைகள் குறைவாகவும் அவற்றுக்கான வழி ஒரு சில பல்கலைக்கழகங்கள் மூலமாகவும் இருக்கும்வரை, கல்வி அமைச்சகத்தால் அதை இடம் மாற்ற முடியுமே தவிர இல்லாமல் செய்ய முடியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் காலம் என்று நினைக்கிறேன். ஒரு குழந்தை முதல் வகுப்பில் சேர்ந்து பள்ளிப் படிப்பை முடிக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதற்குள் அமைச்சர்கள் எத்தனை பேர் மாறுவார்களோ தெரியாது. ஜப்பானில் 2002-இல் பாடப்பொருளை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்து, சனிக்கிழமைகளை முழு விடுமுறையாக்கி, மாணவர்கள் நிதானமாகச் சிந்திக்க இடம் தரும் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 15 வயது மாணவர்களை நாடுவாரியாக ஒப்பிடும் 'பீசா' தேர்வில் 2003-இல் ஜப்பானின் இடம் சரிந்ததும் பழி முழுவதும் அந்தப் பாடத்திட்டத்தின்மேல் விழுந்தது. அந்தத் தேர்வை எழுதிய மாணவர்கள் புதிய பாடத்திட்டத்தில் படித்தது ஏறக்குறைய ஓராண்டுதான், அதற்கு முந்தைய பள்ளி வாழ்க்கை முழுவதும் பழைய பாடத்திட்டத்தில் கழிந்தது என்பதை யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. 2008-இல் பாடத்திட்டம் மறுபடியும் திருத்தப்பட்டு, குறைக்கப்பட்ட பாடங்களில் பல திரும்பி வந்தன. அந்தப் பாடத்திட்டம் நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். அதன் விளைவு தெரிவதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

மாறாக, எல்லோரும் மேற்கோள் காட்டும் பின்லாந்தை அதன் காலக்கணக்குடன் சேர்த்துப் பாருங்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் ஒன்பதாண்டுப் பொதுப் பள்ளி என்ற சட்டம் 1968-இல் நிறைவேறியது. நடைமுறைப்படுத்தல் 1972-இல் வடகோடியான லாப்லாந்தில் தொடங்கி, ஒவ்வோர் ஆண்டும் தெற்கே இறங்கி, தலைநகர் ஹெல்சின்கியை 1977-இல்தான் எட்டியது. பள்ளி ஆசிரியர்களுக்கு முதுகலைப் பட்டம் கட்டாயம் என்ற விதி 1970-களின் இறுதியில் வந்தது. கணிதத்திலும் அயல்மொழிகளிலும் மாணவர்களைத் திறன்வாரியாகப் பிரித்து உட்காரவைக்கும் வழக்கம் 1985-இல் முடிவுக்கு வந்தது. உலகம் அந்நாட்டைத் திரும்பிப் பார்த்தது 2001-இன் இறுதியில், முதல் பீசா முடிவுகள் வெளியானபோது. தொடக்கத்தில் அங்கும் எதிர்ப்பு இருந்தது. வசதியான குடும்பங்களின் பிள்ளைகள் படித்த, உயர்கல்விக்குத் தயார்படுத்தும் 'இலக்கணப் பள்ளிகள்' (grammar schools) பொதுப் பள்ளியால் தரம் கெட்டுவிடும் என்றன. சட்டத்தை நிறைவேற்றியவர்களில் எத்தனை பேர் அதன் பலனைப் பதவியில் இருந்தபடி பார்த்திருப்பார்கள்? பின்லாந்தைப் பார்க்கச் செல்லும் குழுக்கள் அங்குள்ள வகுப்பறைகளைப் படம் பிடித்து வருகின்றன, அந்த முப்பது ஆண்டுகளைப் படம் பிடிக்க முடிவதில்லை. அண்மை ஆண்டுகளில் அந்நாட்டின் மதிப்பெண்களும் சரிந்து வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பணம் இருந்தால் போதும் என்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள். கென்யா 2003-இல் தொடக்கக் கல்விக் கட்டணத்தை ஒழித்தபோது, மாணவர் எண்ணிக்கை ஏறத்தாழ 59 லட்சத்திலிருந்து 72 லட்சமாகத் தாவியது. வகுப்பறைகளும் ஆசிரியர்களும் அந்த வேகத்தில் பெருகவில்லை, ஆகவே சிலர் குறைந்த கட்டணத் தனியார் பள்ளிகளுக்கு நகர்ந்தார்கள். அதற்காக அந்த முடிவைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. பள்ளி வாசலுக்கு வெளியே நின்ற குழந்தைகள் உள்ளே வந்தார்கள். இந்தோனேசியா 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் அடிப்படை ஊதியத்தை இரட்டிப்பாக்கியது. சில ஆண்டுகள் கழித்து நடந்த விரிவான ஆய்வில், ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, வெளிவேலை பார்ப்பது குறைந்தது, மாணவர்களின் கற்றலில் மட்டும் முன்னேற்றம் தெரியவில்லை. ஆசிரியருக்கு நல்ல ஊதியம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் புதிதாக யார் ஆசிரியராக வருகிறார், அவர் எப்படிப் பயிற்றுவிக்கப்படுகிறார் என்பவை மாறாமல், ஏற்கெனவே இருப்பவரின் ஊதியம் மட்டும் மாறினால் வகுப்பறையில் அதன் தடம் தெரிவதில்லை.

வெற்றி பெற்ற சீர்திருத்தமாவது நிலைக்குமா என்றால், அதற்கும் உறுதியில்லை. போலந்தில் 1999-இல் 'கிம்னாசியம்' என்ற மூன்றாண்டு இடைநிலைப் பள்ளியை உருவாக்கி, தொழிற்கல்விக்கு யார், உயர்கல்விக்கு யார் என்று மாணவர்களைப் பிரிப்பதை ஓராண்டு தள்ளிப்போட்டார்கள். 2000-க்கும் 2012-க்கும் இடையில் அந்நாட்டின் பீசா மதிப்பெண்கள் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்தன. 2015-இல் ஆட்சி மாறியது. 2017 முதல் கிம்னாசியங்கள் மூடப்பட்டு, பழைய எட்டாண்டுத் தொடக்கப் பள்ளி திரும்பி வந்தது. 2019 இலையுதிர் காலத்தில், கிம்னாசியத்தை முடித்த கடைசி அணியும் எட்டாம் வகுப்பை முடித்த முதல் அணியும் ஒரே நேரத்தில் மேல்நிலைப் பள்ளிகளின் வாசலில் வந்து நின்றன. இரண்டு பாடத்திட்டங்களில் படித்த பிள்ளைகள் ஒரே பள்ளிகளில் சேர வரிசையில் நின்றார்கள். ஆசிரியர்கள் இரு அணிகளுக்கும் இரண்டு விதப் பாடக்குறிப்புகளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள்.