காணிக்கை, கடன், கணக்கு: அண்ணாச்சி பதில்கள்

அறுப்பின் பண்டிகை நெருங்குகிறது. அதனாலோ என்னவோ, இந்த மாதக் கடிதங்களில் பாதிக்கு மேல் காணிக்கையைப் பற்றியவை. கூட்டுறவு வங்கியில் இருந்து ஓய்வு பெற்றபின் எங்கள் சபைக்குக் கணக்கு எழுதியவன் நான் என்பதால், தெரிந்த வரைக்கும் பதில் சொல்கிறேன்.

*அண்ணாச்சி, நானும் என் வீட்டுக்காரரும் உப்பளத்தில் கூலி வேலை. மழை தொடங்கிவிட்டால் வேலை கிடையாது. குழுக் கடன் தவணை வாராவாரம் நிற்காது. உபவாசக் கூட்டத்தில் பேசிய ஊழியர் ஒருவர், "தசமபாகம் கொடுக்காதவன் தேவனை வஞ்சிக்கிறான், அதனால்தான் வீட்டில் சாபம் தங்குகிறது" என்றார். மழைக்காலத்துக்கு அரசாங்கம் கொடுக்கும் 5,000 ரூபாயிலும் பத்தில் ஒன்று எடுக்கவேண்டுமா? எடுக்காவிட்டால் பிள்ளைகளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ராத்திரி தூக்கம் வரவில்லை.*
- ஒரு சகோதரி, முத்தையாபுரம்

சகோதரி, உங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் வராது. நிம்மதியாகத் தூங்குங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்த ஊழியர் எடுத்தது மல்கியா மூன்றாம் அதிகாரம். "தசமபாகங்களையெல்லாம் பண்டசாலையிலே கொண்டுவாருங்கள்" என்பது பத்தாம் வசனம். அதே அதிகாரத்தின் ஐந்தாம் வசனத்தை அவர் வாசித்தாரா? கூலிக்காரனின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கு விரோதமாக நானே தீவிரமான சாட்சியாயிருப்பேன் என்று கர்த்தர் அங்கே சொல்கிறார். உப்பு வாருகிற உங்களைப் போன்றவர்களின் பக்கம் நின்று பேசுகிற அதிகாரம் அது. அதை உங்கள்மேலேயே திருப்பிப் பிடிப்பதைக் கேட்டால் எனக்கு மனசு கொதிக்கிறது.

பழைய ஏற்பாட்டில் தசமபாகம் எதில் எடுத்தார்கள் என்று லேவியராகமம் 27-ஐ எடுத்துப் பாருங்கள். நிலத்தின் தானியம், மரத்தின் கனி, ஆடு மாடு. நிலமும் மந்தையும் உள்ளவன் கொடுத்தது அது. அன்றாடம் கூலிக்குப் போகிறவனுக்கு வேறொரு சட்டம் இருந்தது: பொழுது போகுமுன் அவன் கூலியை அவன் கையில் கொடுத்துவிடவேண்டும், ஏனென்றால் அவன் ஏழை, அதை நம்பியிருக்கிறவன் (உபாகமம் 24:15). மூன்றாம் வருஷத்துத் தசமபாகம் யாருக்குப் போனது? ஊர் வாசலில் வைத்து, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து சாப்பிட்டுத் திருப்தியடைய வேண்டும் என்று உபாகமம் 14 சொல்கிறது. அன்றைக்கு அந்தச் சமுதாயத்தில் நீங்கள் இருந்திருந்தால், சகோதரி, மழைக்காலத்தில் அந்த வாசலில் உங்களுக்கும் ஒரு பங்கு இருந்திருக்கும்.

சாபத்தைப் பற்றிப் பவுல் ஒரே வரியில் முடித்துவிட்டார்: கிறிஸ்து நமக்காகச் சாபமாகி, நியாயப்பிரமாணத்தின் சாபத்திற்கு நம்மை நீங்கலாக்கி மீட்டுக்கொண்டார் (கலாத்தியர் 3:13). மீட்கப்பட்டவளை மறுபடியும் 500 ரூபாய்க்கு யாரும் சாபத்தில் வைக்க முடியாது.

நிவாரணப் பணத்தில் அரிசி வாங்குங்கள், தவணையைக் கட்டுங்கள். கொடுக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கொடுக்கிற சந்தோஷம் ஏழைக்கும் உரியது. மிசோரத்தில் 1910-ஆம் ஆண்டிலிருந்து சபைப் பெண்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். உலை வைக்க அரிசி அளக்கும்போதே ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்து வைப்பார்கள். அதைச் சபை சேகரித்து விற்று ஊழியத்துக்குச் செலவழிக்கிறது. நம் பக்கத்துச் சபைகளிலும் கைப்பிடி அரிசி போட்ட பாட்டிமார்கள் உண்டு. உலை வைக்க அரிசி இருக்கிற அன்றைக்கு ஒரு பிடி எடுங்கள். இல்லாத அன்றைக்கு எடுக்கவேண்டாம். "இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்" (2 கொரிந்தியர் 8:12).

இன்னொன்று. உங்கள் சேகரத்தில், அதாவது உங்கள் குருவானவரின் பொறுப்பில் உள்ள சபைகளில், ஏழைகளுக்கான நிதி இருக்கிறதா என்று குருவானவரிடம் கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். 1830-இல் ஜெர்மானிய மிஷனெரி ரேனியஸ் ஐயர் பாளையங்கோட்டையில் தர்ம சங்கம் தொடங்கினார். விசுவாசத்தினிமித்தம் ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட குடும்பங்களுக்குக் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. வாங்குகிறவர்களும் நம் சபையார், கொடுக்கிறவர்களும் நம் சபையார் என்றுதான் திருநெல்வேலிச் சபை வளர்ந்தது.

*முழுச் சம்பளத்தில் பத்தில் ஒன்றா, பிடித்தம் போகக் கையில் வருவதிலா?*
- மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்யும் தம்பி, சென்னை

கையில் வருவதில் தொடங்குங்கள், தம்பி. பி.எஃப். பணம் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கு அதைப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று சொல்லவேண்டும். முந்தின கடிதம் எழுதிய சகோதரிக்கு நான் சொன்ன சலுகையை நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. வாடகையும் தவணையும் போக மாதக் கடைசியில் மிச்சம் நிற்கிறவனுக்குப் பத்தில் ஒன்று என்பது ஆரம்பம்தான். சம்பளம் ஏறும்போது ஊற்றுத் தண்ணீர்போல் கொடுப்பதும் ஏறவேண்டும். சம்பள நாளிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். "வாரத்தின் முதல்நாள்தோறும்" வரவுக்குத்தக்கதாகச் சேர்த்துவைக்கும்படி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கடைசியில் ஒன்றும் இருக்காது.

*சபைக் காணிக்கைக்கு வருமான வரியில் கழிவு உண்டா?*
- வாசகர், மதுரை

பொதுவாகக் கிடையாது. ஒரு மதத்தாருக்கென்றே நடக்கும் அமைப்புகளுக்குக் கொடுப்பதற்கு, 80ஜி என்று சொல்லும் நன்கொடை வரிச் சலுகை வராது. சபையார் நடத்தும் மருத்துவமனை, அநாதைப் பிள்ளைகள் விடுதி போன்றவை தனி அறக்கட்டளையாகப் பதிவு செய்து அந்தச் சான்று வாங்கியிருந்தால் உண்டு. அங்கேயும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கணக்கில் எடுக்கமாட்டார்கள். நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் இந்தக் கழிவே இல்லை.

*அண்ணன் குவைத்தில் இருக்கிறான். ஊர்க் கோவில் கோபுரத்துக்கு லட்சக்கணக்கில் கொடுத்தான், கல்வெட்டில் பெயரும் வெட்டியாயிற்று. அம்மாவுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். அதற்குக் கேட்டால் "கர்த்தருக்கு என்று எடுத்து வைத்ததைத் தொடமாட்டேன்" என்கிறான். அம்மாவும் "அவனை ஒன்றும் சொல்லாதே, ஆண்டவருக்குத்தானே கொடுக்கிறான்" என்கிறாள்.*
- பெயர் வெளியிட விரும்பாத தங்கை, திசையன்விளை

மாற்கு ஏழாம் அதிகாரத்தை அண்ணனுக்குப் போனில் வாசித்துக் காட்டும்மா. தகப்பனுக்கோ தாய்க்கோ செய்யவேண்டிய உதவியை "கொர்பான்", அதாவது காணிக்கையாகக் கொடுத்தாயிற்று என்று சொல்லிக் கைகழுவினவர்களை இயேசு அங்கே எவ்வளவு கடுமையாகக் கண்டித்திருக்கிறார் பார். அது போதாதென்றால் 1 தீமோத்தேயு 5:8. தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று அதில் இருக்கிறது. அம்மாவின் டயாலிசிஸுக்குக் கொடுப்பதும் கர்த்தருக்குக் கொடுப்பதுதான். உங்கள் குருவானவர் நல்லவர் என்றால் அவரையே அண்ணனிடம் பேசச் சொல். கோபுரத்துக்குக் கை நீட்டி வாங்கியவர் அவர். இதைச் சொல்லும் கடமையும் அவருக்கு உண்டு.

*காணிக்கை எங்கே போகிறது என்று சபைக் கூட்டத்தில் கேட்டேன். "கொடுத்ததோடு உங்கள் வேலை முடிந்தது, கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று உட்கார வைத்துவிட்டார்கள். கேட்டது தப்பா?*
- ஓய்வு பெற்ற ஆசிரியர், கோயம்புத்தூர்

தப்பே இல்லை ஐயா. கேட்காமல் இருந்தால்தான் தப்பு. கேட்பதை அவிசுவாசம் என்கிறவர்களுக்குப் பவுலைக் காட்டுங்கள். எருசலேமில் இருந்த ஏழை விசுவாசிகளுக்காகச் சேர்த்த பணத்தை அவர் தனியாகக் கொண்டுபோகவில்லை. தன் உடன் ஊழியன் தீத்துவோடு, சபைகள் தெரிந்தெடுத்த ஒரு சகோதரனையும் சேர்த்தே அனுப்பினார். அந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானவைகளைச் செய்ய நாடுகிறோம் என்று 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தில் எழுதுகிறார். "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பது அப்போஸ்தலனுக்கே போதவில்லை. நெகேமியாவும் பண்டசாலைக்கு உண்மையுள்ளவர்கள் என்று பெயர் எடுத்த நான்கு பேரை வைத்தார். ஒருவரை அல்ல.

எங்கள் சபையில் நடப்பதைச் சொல்கிறேன். ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பைகள் ஆலயத்தின் பக்க அறைக்கு வரும். குறைந்தது மூன்று பேர் உட்காருவோம், ஒரே குடும்பத்தார் இருக்கக் கூடாது. மேஜையில் கவிழ்த்தால் பத்து ரூபாய்த் தாள்கள் நாலாக, எட்டாக மடித்து வந்து விழும். சுருக்குப் பையில் இருந்து எடுத்ததால் வெற்றிலை வாசம் அடிக்கும். அதை நிமிர்த்தி அடுக்குவதுதான் பெரிய வேலை. ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைத் தனியே பிரிப்போம். மேலே எழுதியிருப்பதைப் பதிவேட்டில் அப்படியே ஏற்றவேண்டும்: "மகள் பிரசவம் நல்லபடி முடிந்ததற்கு", "கிணற்றில் தண்ணீர் வந்ததற்கு", "அப்பாவின் நினைவு நாள்". இரண்டு பேர் தனித்தனியே எண்ணுவோம். இரண்டு தொகையும் ஒத்தால் மூன்று பேரும் கையெழுத்து. ஒத்துவராவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து, வீட்டில் சாப்பாடு ஆறினாலும் சரி. அந்தப் பணத்தில் இருந்து அன்றைக்குப் பெட்ரோலுக்கோ விருந்தாளி காபிக்கோ ஒரு ரூபாய் எடுக்கக் கூடாது. திங்கட்கிழமை முழுத் தொகையும் வங்கிக்குப் போய், செலவுக்கு அங்கிருந்து காசோலையாகத்தான் வரவேண்டும். மாதக் கடைசியில் வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம்.

வெற்றிலை வாசம் அடிக்கிற அந்தப் பத்து ரூபாயை நிமிர்த்திய எவனுக்கும், அதைக் கணக்கில்லாமல் செலவழிக்க மனசு வராது. உங்கள் சபையில் எண்ணும் மேஜை எங்கே இருக்கிறது, யார் யார் உட்காருகிறார்கள், தணிக்கை செய்கிறவர் கமிட்டிக்கு வெளியே இருந்து வருகிறாரா? இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்துப் பதில் கேளுங்கள். ஒருவராகக் கேட்டால் குறை சொல்கிறவர் என்பார்கள். நாலைந்து பேராகச் சேர்ந்து மரியாதையாகக் கேளுங்கள். பதில் வரும் வரைக்கும் காணிக்கையை நிறுத்திவிடலாமா என்று யோசிப்பீர்கள். நிறுத்தவேண்டாம். சபை ஊழியருக்குச் சம்பளம் அதில்தான் போகிறது, கமிட்டிக்காரர்களின் குற்றத்துக்கு அவர் வீட்டு அடுப்பு அணையக் கூடாது.

*சபைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பகுதியை மிஷனெரி ஊழியத்துக்கு அனுப்பலாமா? எங்கள் கமிட்டியில் "நம் கூரையே ஒழுகுகிறது" என்கிறார்கள்.*
- வாசகி, டோனாவூர்

தாராளமாக அனுப்புங்கள். 1903-இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது நம் முன்னோர்களின் கூரை ஒழுகவில்லையா? பெரும்பாலும் பனையேறிகளும் சிறு விவசாயிகளும்தான். நம் ஆட்கள், நம் பணம், நம் நிர்வாகம் என்று சொல்லி, வெளிநாட்டுக் காசு வாங்காமல், மொழி தெரியாத தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். அதைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை அசரியா அங்கேயே போய் வேலை செய்து, 1912-இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். கருப்பட்டிக் காசில் நடந்த காரியம் இது. கூரையையும் மாற்றுங்கள், அதற்காக அனுப்புவதை நிறுத்தாதீர்கள்.

*அறுப்பின் பண்டிகையில் காணிக்கையாக வரும் விளைபொருள்களை ஏலம் விடுவது இப்போது கௌரவப் போட்டியாகிவிட்டது. போன வருஷம் ஒரு வாழைத்தாரை இரண்டு குடும்பத்தார் மாறி மாறி ஏற்றி, கடைசியில் சண்டையில் முடிந்தது. ஏலமே வேண்டாம் என்று இளைஞர்கள் சொல்கிறோம், பெரியவர்கள் கேட்கவில்லை.*
- வாலிபர் சங்கத்தார், நாசரேத் பக்கத்துக் கிராமம்

ஏலத்தை எடுத்துவிடாதீர்கள் தம்பிமாரே. வாழைத்தாரும் பூசணிக்காயும் முதல் ஈத்துக் கிடாக்குட்டியும் பலிபீடத்துக்கு முன் வந்து நிற்கிற ஒரே நாள் அது. ரொக்கம் கையில் இல்லாத விவசாயி தலை நிமிர்ந்து காணிக்கை படைக்கிற நாளும் அதுதான். பணமாக மட்டும் வாங்கினால் அவன் பின்வரிசைக்குப் போய்விடுவான்.

கெடுப்பது ஒலிபெருக்கி. யார் எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்று பெயரைச் சொல்லிச் சொல்லி ஏற்றும்போதுதான் வீம்பு வருகிறது. "இன்னார் குடும்பம் விடுமா?" என்று ஏலம் போடுகிறவர் உசுப்பிவிடுவது ஆலய வளாகத்தில் நடக்கவே கூடாத காரியம். பெயர் இல்லாமல் தொகையை மட்டும் கூப்பிடட்டும். ஒவ்வொரு பொருளுக்கும் சந்தை விலையைப் போல இத்தனை மடங்கு வரைதான் என்று ஓர் உச்ச வரம்பைக் கமிட்டி முன்பே வைக்கலாம். அதற்குமேல் கொடுக்க மனசிருப்பவர் கவரில் போடட்டும். பணத்தையும் அன்றைக்கே வாங்கிவிடுங்கள். அடுத்த பண்டிகை வரை ஏல பாக்கி என்று நோட்டில் பெயர் நிற்பது ஏழை வீட்டாருக்கு வருஷம் முழுக்க அவமானம்.

பெரியவர்கள் கேட்கவில்லை என்கிறீர்கள். ஏலம் போடும் அண்ணாச்சியிடம் முதலில் போங்கள், கமிட்டிக்குப் பிறகு போகலாம். அவர் சம்மதித்துவிட்டால் மற்றவர்கள் சம்மதிப்பார்கள். இந்த வருஷம் கிடாக்குட்டிக்கு மட்டும் பெயர் சொல்லாமல் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். எப்படிப் போயிற்று என்று பண்டிகை முடிந்ததும் எழுதுங்கள்.