டிரைகுளோரோஎத்திலீனில் வேலை செய்தால் பார்கின்சன் நோய் வருமா?

ஓசூர் தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை டிரைகுளோரோஎத்திலீனில் கழுவும் உங்கள் தம்பிக்குப் பார்கின்சன், அதாவது நடுக்குவாதம், வருமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆபத்து கூடும். அமெரிக்காவின் லெஜூன் ராணுவ முகாமில் இந்த ரசாயனம் குடிநீரில் கலந்திருந்தது. அங்கே பணியாற்றியவர்களுக்குப் பார்கின்சன் ஆபத்து 70 சதவீதம் அதிகம் என்றது 2023இல் வந்த ஆய்வு. நோய் தலைகாட்டப் பல பத்தாண்டுகள் ஆகலாம், அதுதான் சிக்கல்.

இதன் ஆவி காற்றைவிடக் கனம். தொட்டிக்குள்ளேயே தேங்கி நிற்கும், குனிந்து கழுவுபவர் மூக்குக்கு நேராக. துணி மாஸ்க்கால் ஒரு பயனும் இல்லை. கரிம ஆவிக்கான வடிகட்டி உள்ள முகக்கவசமும், தொட்டி ஓரத்திலேயே ஆவியை உறிஞ்சும் விசிறியும் கேட்கச் சொல்லுங்கள். அப்புறம், வாசனை தெரிவது குறைந்தாலோ கை நடுங்கினாலோ நரம்பியல் மருத்துவரிடம் இந்த வேலையைப் பற்றியும் சொல்லட்டும். அவர்களாகக் கேட்பது அபூர்வம்.