கொஞ்சமாக அனுப்புகிறவரிடம்தான் அதிகம் பிடிக்கிறார்கள்

வெளிநாட்டில் கூலி வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கட்டணமே இல்லை என்று சொல்லும் நிறுவனம் மூலம்தான் மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறேன். ஆனாலும் கணக்குப் போட்டால் குறைகிறது. எங்கே போகிறது?"

மாற்று விகிதத்தில் போகிறது. சந்தை விகிதம் ஒன்று, நிறுவனம் உங்களுக்குத் தருவது இன்னொன்று, நடுவில் உள்ள வித்தியாசம்தான் அவர்களின் வருமானம். அதனால் விளம்பரத்தை விடுங்கள். ஒரே நாளில், ஒரே தொகைக்கு, மூன்று இடங்களில் "வீட்டில் கைக்கு எவ்வளவு கிடைக்கும்" என்று மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள்.

கட்டணம் வாங்கும் இடங்களில் தொகையின் அளவும் முக்கியம். 200 டாலருக்கும் 2000 டாலருக்கும் அதே 5 டாலர் என்றால் முன்னதில் 2.5 சதவீதம் போகிறது, பின்னதில் 0.25 தான். முடிந்த மாதங்களில் இரண்டு தவணையைச் சேர்த்து அனுப்புங்கள் (வீட்டில் அவசரம் என்றால் இது நடக்காது, தெரியும்). ரொக்கமாகக் கட்டி ரொக்கமாக வாங்குவதைவிட மொபைல் செயலி வழியாகக் கணக்குக்கு அனுப்புவது பெரும்பாலும் மலிவு. வங்கி என்றால் குறைவாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள், உலக வங்கியின் கணக்கெடுப்பில் சராசரியாக அதிகம் வாங்குவது வங்கிகள்தான். கிரெடிட் கார்டில் கட்டவே வேண்டாம், அதை ரொக்கக் கடனாகக் கணக்கிட்டு முதல் நாளிலிருந்தே வட்டி போடும் வங்கிகள் உண்டு.

சரி, ஏன் இப்படி? 200 டாலர் அனுப்ப உலகச் சராசரிச் செலவு 6 சதவீதத்துக்கும் மேல். 2030க்குள் இதை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று 2015இல் ஐ.நா. இலக்கு வைத்தது, இன்னும் வெகுதூரம் இருக்கிறது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றையும்விடச் செலவு பிடிக்கும், அதாவது பணம் மிக அவசியமான இடத்துக்கு அனுப்பத்தான் அதிகம் பிடிக்கிறார்கள். அந்த வழித்தடங்களில் நிறுவனங்கள் குறைவு, போட்டியும் குறைவு. 2008 உலக நிதி நெருக்கடிக்குப் பிறகு பெரிய வங்கிகள், பணம் யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று சோதிக்கும் செலவுக்குக் கட்டுப்படியாகாது என்று ஏழை நாட்டு வங்கிகள் பலவற்றின் தொடர்பைத் துண்டித்தது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. தொழிலாளிகள் வளரும் நாடுகளுக்கு ஆண்டுக்கு 600 பில்லியன் டாலருக்கு மேல் அனுப்புகிறார்கள், பணக்கார நாடுகள் தரும் உதவித்தொகையைவிட இது மிக அதிகம். அதில் இப்படிக் கைவைப்பது எனக்கு அநியாயமாகத்தான் படுகிறது.

கடைசியாக ஒன்று. பணம் கட்டும் முன்பே கட்டணம், விகிதம், கிடைக்கும் தொகை மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். அமெரிக்காவில் 2013 முதல் இதைத் தருவது சட்டக் கட்டாயம். மற்ற இடங்களிலும் கேட்டுப் பாருங்கள், தர மறுத்தால் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுங்கள்.