கம்ப்யூட்டர் சயின்ஸ் போடலாமா, வேண்டாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கட்-ஆஃப் 186. கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்கிறாள். "கோடிங் வேலையை எல்லாம் ஏஐ எடுத்துக்கொள்ளும், வேறு ஏதாவது போடுங்கள்" என்கிறார் என் மைத்துனர். எதிர்வீட்டுக்காரரோ இனி சைபர் செக்யூரிட்டிதான் என்று அடித்துச் சொல்கிறார். நான் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்பவன், எனக்கு இதெல்லாம் புரியவில்லை. தினமும் வருகிற செய்திகள் வயிற்றைக் கலக்குகின்றன, சிலவற்றின் லிங்க்கை அனுப்பியிருக்கிறேன். கவுன்சலிங் பதிவைத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் செய்துவிட்டேன். என்ன செய்யட்டும்?
– ஒரு தகப்பனார், திருப்பூர்

பதில்: நீங்கள் அனுப்பிய லிங்க்குகளை எல்லாம் படித்துப் பார்த்தேன் ஐயா. பாதிச் செய்திகள், மனிதன் இனி கோட் எழுத வேண்டியதே இல்லை என்கின்றன. மீதிப் பாதி, எங்கேயோ ஒரு சாஃப்ட்வேர் படுத்துக்கொண்டதால் விமானம் நின்றது, ஆஸ்பத்திரி நின்றது என்கின்றன. தனித்தனியாகப் படித்தால் ரத்த அழுத்தம்தான் ஏறும். சேர்த்துப் படித்தால் உங்கள் மகளுக்கு வேலை எங்கே இருக்கிறது என்று ஓரளவு பிடிபடும்.

முதலில் மைத்துனரின் ஜோசியம். ஜெஃப்ரி ஹிண்டன் என்று ஒருவர். இன்றைய ஏஐக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர், 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் 2016-இல் ஒரு மேடையில், ரேடியாலஜி டாக்டர்களுக்குப் பயிற்சி கொடுப்பதை இப்போதே நிறுத்திவிடலாம், ஐந்து வருடத்தில் ஸ்கேன் பார்ப்பதில் கம்ப்யூட்டர் அவர்களை மிஞ்சிவிடும் என்றார். பத்து வருடம்கூட ஆகலாம் என்று ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டார். இன்றைக்கும் டாக்டர்களின் மேற்படிப்புக்கான நீட் பிஜி கவுன்சலிங்கில் சீக்கிரம் தீர்ந்துபோகிற பிரிவுகளில் ரேடியாலஜி ஒன்று. துறையைக் கட்டியவரின் கணிப்பே இப்படிப் பிசகும்போது, கல்யாண வீட்டுப் பந்தியில் கேட்ட கணிப்பை நம்பி விருப்பப் பட்டியலை மாற்றாதீர்கள்.

அதற்காகப் பயமே வேண்டாம் என்று சொல்லி உங்களை அனுப்பிவிட மாட்டேன். 2025 ஜூலையில் டிசிஎஸ் தன் ஊழியர்களில் சுமார் 2 சதவீதம் பேரை, அதாவது 12,000 பேர் அளவில், குறைக்கப்போவதாக அறிவித்தது நினைவிருக்கும். பெரும்பாலும் நடு நிலையிலும் மேல் நிலையிலும் இருந்தவர்கள். ஏஐ காரணமல்ல, திறமை பொருந்தாததுதான் காரணம் என்றது நிர்வாகம். கூட்டமாக ஃப்ரெஷர்களை எடுத்து, பயிற்சி கொடுத்து, புராஜெக்ட் கிடைக்கும்வரை பெஞ்சில் உட்கார வைத்த காலம் சுருங்கிக்கொண்டிருக்கிறது. டிகிரி இருந்தால் போதும், மீதியைக் கம்பெனி சொல்லிக்கொடுக்கும் என்ற உங்கள் அண்ணன் பையன் காலத்துக் கணக்கு இவளுக்குச் செல்லாது.

சரி, அந்த ஏஐ கையில் முழு வேலையையும் கொடுத்தால் என்ன ஆகும்? அதே 2025 ஜூலையில் ஜேசன் லெம்கின் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர், ரெப்லிட் நிறுவனத்தின், கோட் எழுதித் தரும் ஏஐயை வைத்து ஒரு சாஃப்ட்வேர் கட்டிக்கொண்டிருந்தார். எதையும் தொடாதே என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்த நேரத்தில், அது போய், ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸையே, அதாவது தரவுகள் எல்லாம் இருக்கும் கிடங்கையே, அழித்துவிட்டது. ஏன் செய்தாய் என்றால், பதறிவிட்டேன் என்கிறது! திரும்பக் கொண்டுவரவும் முடியாது என்று கைவிரித்தது. ஆனால் அவர் முயன்று பார்த்தபோது தரவு திரும்ப வந்தது. ரெப்லிட்டின் தலைவர் மன்னிப்புக் கேட்டு, டெஸ்ட் செய்யும் டேட்டாபேஸையும் நிஜ டேட்டாபேஸையும் தனித்தனியாகப் பிரிக்கும் வேலையை ஆரம்பித்தார். இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் பல வருடப் பழைய பாடம். அதைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் ஏஐயின் வேகம் எல்லாம் அழிப்பதற்குத்தான் உதவும்.

ஏஐயை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. 2024 ஜூலை 19, நம் விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்த நாள். அன்றைக்கு எந்தத் திருடனும் உள்ளே நுழையவில்லை. கம்ப்யூட்டர்களைக் காவல் காக்கும் கிரவுட்ஸ்டிரைக் நிறுவனமே அனுப்பிய ஒரு அப்டேட்தான் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை நீலத் திரையோடு உட்கார வைத்தது. காரணம் என்ன தெரியுமா? அந்தக் கோப்பு 21 விவரங்களை எதிர்பார்த்தது. அதைப் படிக்கும் புரோகிராம் 20 தான் கொடுத்தது. இல்லாத இருபத்தொன்றாவதைத் தேடிப் போய் நினைவகத்தில் தனக்குச் சொந்தமில்லாத இடத்தில் கை வைத்தது, மொத்தமும் சரிந்தது. முதலாம் ஆண்டு சி புரோகிராமிங் வகுப்பில் அரே (வரிசையாக அடுக்கிய தரவு) எல்லையைத் தாண்டாதே என்று ஆசிரியர் சொல்வாரே, அதே சமாச்சாரம். சரிசெய்யும் வேலை இன்னும் பரிதாபம்: ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக சேஃப் மோடில் (அடிப்படை வசதிகள் மட்டும் ஓடும் நிலையில்) திறந்து அந்த ஒரு ஃபைலை ஆள் உட்கார்ந்து அழிக்க வேண்டியிருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி இன்னொன்று, உங்கள் மகளிடம் படிக்கக் கொடுங்கள். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் மைக்ரோசாஃப்ட்டில் வேலை பார்க்கும் இன்ஜினியர். போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸின் வேகத்தை அளந்துகொண்டிருந்தவருக்கு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் ஓடும் தன் கம்ப்யூட்டரில், தூரத்திலிருந்து பாதுகாப்பாக இணைய உதவும் எஸ்எஸ்எச் வழியாக உள்ளே நுழைய வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆவது உறுத்தியது. நீங்களும் நானும் நெட் ஸ்லோ என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அவர் விடவில்லை. தோண்டிக்கொண்டே போய், எக்ஸ்இசட் என்கிற, கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்ன மென்பொருளுக்குள் யாரோ கள்ளக்கதவு வைத்திருப்பதைக் கண்டுபிடித்து, 2024 மார்ச் 29 அன்று ஊருக்குச் சொன்னார். வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு வருடங்களுக்கு மேல் நல்லபிள்ளையாக உழைத்து, அந்த மென்பொருளைப் பராமரிப்பவரின் நம்பிக்கையைச் சம்பாதித்து, பொறுப்பையே கையில் வாங்கியவர். அவர் உண்மையில் யார் என்று இன்றுவரை வெளியே வரவில்லை. அந்தக் கள்ளக்கதவு மட்டும் எல்லா லினக்ஸ் சர்வர்களுக்கும் பரவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே தூக்கம் வராது.

ஃப்ராய்ண்டின் வேலைதான் உங்கள் மகள் குறிவைக்க வேண்டிய வேலை. அந்தப் பதவியைச் சொல்லவில்லை, அந்த உறுத்தலைச் சொல்கிறேன். அது வர வேண்டுமென்றால் ஆப்பரேட்டிங் சிஸ்டம், நெட்வொர்க், டேட்டாபேஸ், அல்காரிதம் என்ற நாலு பாடமும் எலும்பு வரை இறங்கியிருக்க வேண்டும். ஆகவே என் பதில்: கம்ப்யூட்டர் சயின்ஸ் தாராளமாகப் போடலாம். ஐடி பிரிவு கிடைத்தாலும் வேறுபாடு பார்க்காதீர்கள்.

எதிர்வீட்டுக்காரர் சொல்லும் சைபர் செக்யூரிட்டி நல்ல துறைதான். இந்தியாவில் சைபர் சம்பவம் நடந்தால் தெரிந்த ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்புக்குச் சொல்ல வேண்டும் என்று 2022 முதல் விதி இருக்கிறது; 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது, அபராதம் 250 கோடி வரை போகலாம். கம்பெனிகளுக்கு ஆள் தேவை. ஆனால் சினிமாவில் வருவதுபோல இருட்டறையில் ஹேக்கிங் செய்யும் வேலை யாருக்கும் முதல் நாளே கிடைக்காது. ஷிப்ட் போட்டு, திரையில் வரும் எச்சரிக்கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது நிஜம் எது வெத்துவேட்டு என்று பிரிப்பதில் தொடங்கும். வெத்துவேட்டும் இப்போது ஏஐ புண்ணியத்தில் குவிகிறது. இணையத்தில் தரவை அனுப்பவும் வாங்கவும் உலகமெங்கும் ஓடும் கர்ல் மென்பொருளை நடத்தும் டேனியல் ஸ்டென்பெர்க், ஏஐ எழுதித் தள்ளிய பொய்யான பாதுகாப்புக் குறை அறிக்கைகளைப் படித்தே சலித்துப்போய், குறை கண்டுபிடிப்பவர்களுக்குப் பணம் தரும் திட்டத்தையே மூடிவிட்டார். இளங்கலையில் அடிப்படையைப் படித்துவிட்டு செக்யூரிட்டிக்கு நகர்வது சுலபம். நல்ல கல்லூரியில் வெறும் சிஎஸ்இ (கம்ப்யூட்டர் சயின்ஸ்) கிடைக்கும்போது, பெயரில் சைபரோ டேட்டா சயின்ஸோ இருக்கிறதே என்று சுமார் கல்லூரிக்குப் போகாதீர்கள். நன்றாக நடக்கும் கல்லூரிகளுக்கு இட உச்சவரம்பை 2024-25 முதல், தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் ஏஐசிடிஇ எடுத்துவிட்டது. புதுப் பெயரில் புது வகுப்பு திறப்பது எளிது, அதை நடத்தத் தெரிந்த ஆசிரியரைப் பிடிப்பதுதான் கஷ்டம்.

கல்லூரியைப் பார்க்கப் போகும்போது வாசலில் தொங்கும் பிளேஸ்மெண்ட் பேனரைத் தாண்டி உள்ளே போங்கள். அதில் இருக்கும் பெரிய பேக்கேஜ் ஒரு பையனுடையது. மூன்றாம் ஆண்டு மாணவர் யாரையாவது ஓரமாக நிறுத்திக் கேளுங்கள்: லேப் சாயங்காலம் திறந்திருக்குமா, மெஷினில் லினக்ஸ் இருக்கிறதா, ஃபைனல் இயர் புராஜெக்ட்டைப் பிள்ளைகளே செய்கிறார்களா அல்லது புராஜெக்ட் சென்டரில் வாங்கி ஸ்பைரல் பைண்டிங் போடுகிறார்களா. முன்பெல்லாம் அதற்குக் காசு செலவாகும், இப்போது ஏஐ சும்மாவே செய்து தருகிறது. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வெளியிலிருந்து வரும் தேர்வாளர், இந்த வரி எதற்கு என்று கேட்டால் பதில் வருகிறதா என்பதுதான் முக்கியம். பதில் வராத கல்லூரியில் சேர்த்துவிடாதீர்கள்.

இந்த விடுமுறையில் மகளிடம் உங்கள் ஜாப் ஒர்க் கணக்கைக் கொடுங்கள். எத்தனை பீஸ் வந்தது, எத்தனை டெலிவரி போனது, யார் பாக்கி. ஏஐயிடம் கேட்டே ஒரு சின்ன புரோகிராம் செய்யட்டும், தவறில்லை. ஒரு வாரம் உங்கள் நோட்டுக் கணக்கையும் அதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை எங்கேயாவது உதைக்கும். ஏன் உதைக்கிறது என்று அவள் உட்கார்ந்து தேடுகிறாளா, இல்லை ஏஐயிடமே திட்டிவிட்டு எழுந்துவிடுகிறாளா என்று கவனியுங்கள். இரண்டாவது என்றால் என்னிடம் மறுபடி எழுதுங்கள், வேறு பிரிவுகளைப் பற்றிப் பேசலாம்.

அப்புறம் ஒன்று. கவுன்சலிங் பதிவைத் தெருமுனை பிரவுசிங் சென்டரில் செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். பாஸ்வேர்டு அந்தத் தம்பிதான் போட்டுக் கொடுத்திருப்பார். மகளின் பெயரும் பிறந்த வருடமுமாக இருக்கும். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தின் கேமரா சர்வருக்கு ஒரு காலத்தில் லூவ்ர் என்பதே பாஸ்வேர்டாக இருந்தது, 2025-இல் அங்கே நகை திருடு போன பிறகுதான் அது உலகத்துக்குத் தெரிந்தது. சாய்ஸ் ஃபில்லிங் (கல்லூரி விருப்ப வரிசையை நிரப்புவது) தொடங்கும் முன் பாஸ்வேர்டை மகளையே மாற்றச் சொல்லுங்கள். ஓடிபி வருகிற போனை யார் கையிலும் கொடுக்காதீர்கள். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் மாவட்டத்தில் இருக்கும் அரசு உதவி மையத்துக்குப் போய், அவள் கையாலேயே வரிசையை நிரப்பி லாக் செய்யட்டும்.